வீட்டில் சொந்தமாக ஒரு சர்வர்: குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் நம் பொறுப்பில் வைத்துக்கொள்ளலாமா?

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்) | ஜனவரி 18, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். கணினியை அன்றாட வேலைகளுக்குப் பயன்படுத்தத் தெரியுமே தவிர, நெட்வொர்க் பற்றி அதிகம் தெரியாது. ஆகவே சற்று விரிவாகவே கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் எங்கள் தோப்பின் பட்டா பெயர் மாற்றத்துக்காக என் தாயாரின் ஆதார் அட்டையையும் காலமான தந்தையாரின் இறப்புச் சான்றிதழையும் நகல் எடுக்கப் போனேன். ஜெராக்ஸ் கடைக்காரர் வழக்கம்போலத் தம் எண்ணைக் காட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். அச்சிடுவதற்காக அவர் கணினியின் டவுன்லோடு ஃபோல்டரைத் திறந்தபோது, என் தாயாரின் ஆதாருக்கு மேலும் கீழும் ஊரில் பாதிப் பேருடைய ஆவணங்கள் வரிசையாகக் கிடந்தன. வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கங்கள், சாதிச் சான்றிதழ்கள், என்னிடம் படித்த ஒரு மாணவியின் மதிப்பெண் பட்டியல் என எல்லாம் பல மாதங்களாக அப்படியே இருந்தன. கடைக்காரர் கெட்ட எண்ணம் உள்ளவர் அல்லர். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்று இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஆனால் வரிசையில் நிற்கும் எவருக்கும் அந்தத் திரை தெரிகிறது.

வீடு திரும்பியதும், எங்கள் குடும்பத்தின் தகவல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன். தாளின் இரு பக்கமும் நிறைந்துவிட்டது. இரண்டு கைபேசிகளிலுமாகச் சேர்ந்த படங்கள் மட்டும் 200 ஜி.பி. அளவுக்கு ஒரு நிறுவனத்தின் கிளவுடில், அதாவது இணையம் வழியாக அவர்களுடைய கணினிகளில், இருக்கின்றன. அவற்றுள் என் தந்தையார் கடைசியாகத் தோப்பில் நின்ற படங்களும் உண்டு. இலவச அளவு என்றோ முடிந்து, இப்போது மாதந்தோறும் பணம் கட்டி வருகிறோம்.

வீட்டில் 8 ஜி.பி. நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி ஒன்று சும்மா இருக்கிறது. ஃபைபர் இணைப்பும் உண்டு. அதை எந்நேரமும் இயங்கி மற்றக் கருவிகளுக்குக் கோப்புகளைத் தரும் கணினியாக, அதாவது சர்வராக மாற்றி, படங்களையும் ஆவணங்களையும் அதில் வைத்து, கோவையில் விடுதியில் படிக்கும் மகளும் அங்கிருந்தே பார்க்கும்படி செய்ய முடியுமா? மாதம் ஒருமுறை பராமரிப்புக்காக மின்சாரம் நாள் முழுக்க நிற்கும் ஊரில் இது நடைமுறைக்கு ஒத்துவருமா? அறிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.


ஓசூர் வாசி (ஓசூர்) | ஜனவரி 19, காலை 6.55

வணக்கம் ஐயா. தொழிற்சாலை ஒன்றின் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. வீட்டிலும் நான்கு ஆண்டுகளாக ஒன்றை நடத்தி வருகிறேன். முதலில் இரண்டு சிக்கல்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்வோம்.

ஜெராக்ஸ் கடையில் நீங்கள் கண்ட சிக்கலை எந்த வீட்டுச் சர்வரும் தீர்க்காது. அதற்கான மருந்து வேறு. ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே கடைசி 4 இலக்கங்களை மட்டும் காட்டும் மறைக்கப்பட்ட ஆதாரைத் தரவிறக்கம் செய்துகொள்ளலாம். முழு எண் கட்டாயம் தேவைப்படும் இடங்களைத் தவிர மற்ற எங்கும் அதையே கொடுங்கள். தாள் நகலாகக் கொடுக்கும்போது, எந்தக் காரியத்துக்காக எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதைப் படத்தின் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்திடுங்கள். இ-ஆதார் பி.டி.எஃப். கோப்புக்குப் பூட்டு இருக்கிறதே என்று பலர் நம்பியிருக்கிறார்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அந்தப் பூட்டின் கடவுச்சொல் என்பதால், உங்களை அறிந்த எவரும் அதைத் திறந்துவிட முடியும். வீட்டுக்கு ஓர் எளிய பிரின்டர் வாங்குவது, நீங்கள் சர்வருக்காகச் செலவிடப்போகும் பணத்தைவிட உடனடியாகப் பயன் தரும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த மடிக்கணினி தாராளமாகப் போதும். அதில் டெபியன் என்ற இலவச இயக்க முறைமையை நிறுவி, மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக இயக்கும் டாக்கர் வழியாக, படங்களைச் சேமித்துக் காட்டும் இம்மிச் என்ற மென்பொருளை இயக்குங்கள். கைபேசியில் எடுக்கும் படங்கள் தாமாகவே வந்து சேரும். முகங்களை அடையாளம் கண்டு வகைப்படுத்தும் வேலையும் உங்கள் இயந்திரத்துக்குள்ளேயே நடக்கும். ஆவணங்களுக்குத் தொடக்கத்தில் ஒரு பகிர்வு ஃபோல்டரே போதும். கோப்புகள், நாள்காட்டி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் நெக்ஸ்ட்கிளவுட் நல்ல மென்பொருள்தான். ஆனால் முதல் மாதத்திலேயே நாள்காட்டி, தொடர்புகள், அலுவலகக் கோப்புகள் எல்லாவற்றையும் அதில் ஏற்றியவர்கள் பராமரிப்பில் சலித்துப்போய் மொத்தத்தையும் கைவிட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மின்னஞ்சலை மட்டும் வீட்டில் வைக்க எண்ணாதீர்கள். வீட்டு இணைப்புகளில் மின்னஞ்சல் அனுப்பும் வழியான 25ஆம் போர்ட் பெரும்பாலும் மூடியிருக்கும்; திறந்திருந்தாலும் வீட்டு முகவரியிலிருந்து வரும் கடிதத்தைப் பெரிய நிறுவனங்கள் குப்பையில் தள்ளிவிடும்.

மின்செலவு சராசரியாக 15 வாட் என்று கொண்டால் 60 நாளுக்கு ஏறத்தாழ 22 யூனிட் ஆகும். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், கட்டணத்தில் அது பெரிய சுமையாக இராது. சிறிது நேர மின்தடையை மடிக்கணினியின் பேட்டரியே தாங்கும். ஆனால் அது எந்நேரமும் 100 விழுக்காடு நிரம்பிய நிலையில் இருந்தால் ஓரிரு ஆண்டில் உப்பிவிடக்கூடும். கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை அமைப்பான பயாஸில் 60 அல்லது 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்று தனியாக வேண்டும். இல்லையெனில் சர்வர் ஓடும், ஆனால் யாராலும் அதை அடைய முடியாது.

மகள் கோவையிலிருந்து பார்ப்பதுதான் இதில் கவனம் வேண்டிய இடம். உங்கள் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வெளிப்புற முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்குகிறதா என்று பாருங்கள். இணையத்தில் ஒவ்வோர் இணைப்பையும் அடையாளம் காட்டும் ஐ.பி.வி.4 என்ற எண் முகவரிகள் பற்றாக்குறையானதால் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துவதற்காக 2012இல் ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. அப்படி இருந்தால் வெளியிலிருந்து யாரும் உங்கள் வீட்டை நேரடியாக அடைய முடியாது. அதற்காக வருந்த வேண்டாம். நேரடி முகவரி கிடைத்தாலும் இம்மிச் பக்கத்தை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள் என்றுதான் நான் சொல்லியிருப்பேன். உலகிலுள்ள ஐ.பி.வி.4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். அவை அனைத்தையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக இயங்கிக்கொண்டிருக்கின்றன.

எனவே கருவிகளுக்கிடையே பூட்டிய தனிவழி அமைக்கும் வயர்கார்டு என்ற முறையின் அடிப்படையிலான டெயில்ஸ்கேல் சேவையைப் பரிந்துரைக்கிறேன். வயர்கார்டு 2020 மார்ச்சில் டெபியனின் மையக்கருவான லினக்ஸ் கெர்னலின் 5.6ஆம் பதிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. அறிமுகமில்லாத சாவியுடன் வரும் செய்திக்கு அது பதிலே அளிக்காது என்பதால், தட்டிப் பார்ப்பவனுக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. டெயில்ஸ்கேல் நிறுவனத்துக்கு உங்கள் கருவிகளின் பட்டியலும் அவை எப்போது இணைந்தன என்பதும் தெரியும், படங்கள் தெரியாது. இதே வேலைக்குக் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டனல் சேவை எளிது என்று சிலர் சொல்வார்கள். அதில் குறியாக்கம், அதாவது தரவுக்குப் போட்ட பூட்டு, அவர்களுடைய சர்வரில் அவிழ்ந்து மீண்டும் கட்டப்படுகிறது. தனியுரிமைக்காகவே இதைச் செய்யும் ஒருவருக்கு அது ஏற்றதன்று.


பர்கூர் ஜவுளி (பர்கூர்) | ஜனவரி 19, பிற்பகல் 2.20

ஆசிரியருக்கு வணக்கம். ஊக்கத்தைக் குலைப்பதற்காக எழுதவில்லை; ஆனால் மாற்றுக் கருத்தும் ஒன்று இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்களின் தரவு மையங்களில் ஒரே படம் பல இடங்களில் பிரதி எடுத்து வைக்கப்படுகிறது. தீயணைப்பு, காவல், இரவுப் பணியாளர்கள் எல்லாம் உண்டு. அதை விட்டுவிட்டு, அலமாரி மேல் இருக்கும் பழைய மடிக்கணினியின் ஒற்றை ஹார்ட் டிஸ்கை நம்பித் தந்தையாரின் கடைசிப் படங்களை ஒப்படைப்பது எந்த வகையில் பாதுகாப்பு? என் கடையில் ஐந்தாண்டுக் கணக்கு இருந்த டிஸ்க் ஒருநாள் காலையில் டிக் டிக் என்று சத்தமிட்டு நின்றுபோனது. மீட்டுத் தருவதற்குச் சென்னையில் கேட்ட தொகை, அந்தக் கணினியின் விலையைப் போலப் பல மடங்கு. பிறர் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சத்தைவிட, முற்றாக இழந்துவிடுவோமோ என்ற அச்சமே எனக்குப் பெரிது.


ஓசூர் வாசி (ஓசூர்) | ஜனவரி 19, இரவு 10.05

பர்கூர் நண்பர் சொல்வதில் பெரும்பகுதி சரி. டிஸ்க் என்றைக்காவது சாகும் என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் இந்த வேலையில் இறங்க வேண்டும். ஆனால் கிளவுட் கணக்கும் ஒற்றைப் பூட்டுதான். கணக்கு முடக்கப்பட்டால், அல்லது விதிமுறை மாறினால், அத்தனை பிரதிகளும் ஒரே நொடியில் நமக்கு எட்டாமல் போகும். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாகச் சேமிக்கலாம் என்றிருந்த ஏற்பாடு 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி. என்றானது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அறிவித்துத்தான் செய்தார்கள். நம் பொருள் பிறர் கிடங்கில் இருக்கும்போது வாடகையை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள்.

ஆகவே ஐயா, காப்பு நகல் ஏற்பாடு முடிந்து, அதிலிருந்து மீட்டுப் பார்த்துச் சரியாக வந்தது என்று உறுதியாகும் வரை கிளவுடிலிருந்து ஒரு படத்தையும் அழிக்காதீர்கள். அதுவரை மாதக் கட்டணத்தைத் தொடர்ந்து செலுத்துங்கள்.


நல்லம்பள்ளி (தருமபுரி) | ஜனவரி 20, காலை 11.30

இதுவரை தொழில்நுட்பமாகவே பேசப்படுவதால் இதை எழுதுகிறேன். என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். விடுப்பில் வந்தபோது, இங்கே சொல்லப்பட்டிருப்பதைப் போலவே ஒரு சர்வரை மிகுந்த அக்கறையோடு அமைத்தார். திருட்டுப் போனாலும் யாரும் படிக்கக் கூடாது என்று டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்தார். எனக்குச் செயலியைத் திறக்கக் கற்றுக்கொடுத்தார். நானும் மகளின் மருத்துவ அறிக்கைகளையெல்லாம் அதில் ஏற்றிவிட்டு, கைபேசியில் இருந்தவற்றை அழித்துவிட்டேன்.

அவர் பணிக்குத் திரும்பிய பின் ஒரு பராமரிப்பு நாளில் மின்சாரம் காலை ஒன்பது மணிக்குப் போய் மாலையில்தான் வந்தது. பேட்டரி தீர்ந்து இயந்திரம் அணைந்துவிட்டது. மீண்டும் இயக்கியபோது கருப்புத் திரையில் ஒரு வரி மட்டும் வந்து, கடவுச்சொல் கேட்டு நின்றது. அப்படி ஒன்று கேட்கும் என்பதே எனக்குத் தெரியாது. அவர் இருந்த இடத்தில் மூன்று வாரங்களுக்குத் தொலைபேசித் தொடர்பு இல்லை. அந்த மூன்று வாரத்துக்குள்தான் மகளைப் பெங்களூருக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. பழைய ஸ்கேன் இல்லாமல் ஒப்பிட்டுப் பார்க்க இயலாது என்றார் மருத்துவர். மறுபடியும் எடுத்தோம். பணம் போனதை நான் பெரிதாக நினைக்கவில்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு மீண்டும் ஒருமுறை மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைக்க வேண்டியிருந்தது.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் திருடனை நினைத்துப் பூட்டினார். வீட்டில் இருப்பவளை நினைக்க மறந்துவிட்டார். ஆசிரியர் ஐயா, உங்கள் துணைவியார் நீங்கள் இல்லாத ஒரு நாளில் அந்த இயந்திரத்தைத் தனியாக எழுப்ப முடியுமா என்பதையும் கேள்விகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் அது உங்கள் சர்வர். வீட்டின் சர்வர் அல்ல.


மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்) | ஜனவரி 20, இரவு 8.15

சகோதரி, இதை எழுதியதற்கு நன்றி. நேற்றிரவு நான் வரைந்து வைத்த திட்டத்தில் முழு டிஸ்க் குறியாக்கம்தான் முதல் வரியாக இருந்தது. என் மனைவியிடம் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். "நான் திறக்க முடியாத பெட்டியில் என் மாமனார் படத்தை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஓசூர் நண்பரே, குறியாக்கத்தையே விட்டுவிட வேண்டுமா?


ஓசூர் வாசி (ஓசூர்) | ஜனவரி 21, காலை 7.10

விட வேண்டியதில்லை ஐயா. அமைக்கும் முறையை மாற்ற வேண்டும். மின்சாரம் வந்ததும் பயாஸில் தானாக இயங்கும்படி வைத்துவிட்டு, இயக்க முறைமை இருக்கும் சிறிய டிஸ்கைக் குறியாக்கம் செய்யாமல் விட்டுவிடுங்கள். அதில் ரகசியம் எதுவும் இருக்கக் கூடாது. படங்களும் ஆவணங்களும் இருக்கும் டிஸ்கை மட்டும் லினக்ஸின் குறியாக்க முறையான லக்ஸில் பூட்டுங்கள். இயந்திரம் தானே எழுந்து டெயில்ஸ்கேலில் இணைந்துவிடும். பிறகு வீட்டிலிருந்தோ வெளியூரிலிருந்தோ ஒரே ஒரு கட்டளையால் டிஸ்கைத் திறக்கலாம். லக்ஸில் ஒரே டிஸ்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கடவுச்சொற்களை வைக்க முடியும் என்பதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. ஒன்று உங்களுடையது, இன்னொன்று உங்கள் துணைவியார் தாமே தேர்ந்தெடுத்தது, மூன்றாவது, தாளில் எழுதி உறையிலிட்டு வைப்பது. ஒருவருடையதை மாற்றினால் மற்றவை கெடா. பூட்டின் விவரங்கள் இருக்கும் டிஸ்கின் தலைப்பகுதி பழுதானால் எந்தக் கடவுச்சொல்லும் பயன்படாது என்பதால், அந்தத் தலைப்பகுதியையும் ஒரு கோப்பாக எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பு நகல் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் உடனே பதியும்படி இரண்டு டிஸ்குகளை ரெய்டு முறையில் இணைப்பது காப்பு நகல் ஆகாது. தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். சிங்க்திங் போன்ற ஒத்திசைவு மென்பொருளும் அப்படித்தான். பழைய பதிப்புகளை வைத்துக்கொள்ளும் அமைப்பை நீங்களாக இயக்கினாலன்றி, ஓரிடத்தில் அழித்தது மறு இடத்திலும் அழியும். உங்களுக்கு வேண்டியது ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற காப்பு நகல் மென்பொருள். நேற்று இருந்தபடி, போன மாதம் இருந்தபடி என்று காலத்தில் பின்னோக்கிச் செல்ல அவை இடம் தரும். மாறியவற்றை மட்டும் அனுப்பும். எல்லாவற்றையும் பூட்டியே அனுப்பும் (போர்க்கில் தொடக்கத்திலேயே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்) என்பதால், நகல் யார் வீட்டில் இருந்தாலும் அவர்களால் படிக்க இயலாது.

ஒரு நகல் கட்டாயம் வேறு ஊரில் இருக்க வேண்டும். திருட்டு, தீ, இடி மூன்றும் ஒரு வீட்டில் இருக்கும் இரண்டு டிஸ்குகளையும் ஒன்றாகத்தான் பார்க்கும். வெளியூரில் நம்பிக்கையான உறவினர் வீடு இருந்தால், அங்கே ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றும் ஒரு டிஸ்கும் வைத்தால் போதும். முதல் நகலை இணையம் வழியாக அனுப்ப முயலாதீர்கள். பதிவேற்ற வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால் 200 ஜி.பி.க்கு இடைவிடாமல் ஏறத்தாழ 45 மணி நேரம் ஆகும். நடுவில் மின்சாரம் போகும். வீட்டிலேயே முதல் நகலை எடுத்து, டிஸ்கைப் பையில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். அதன் பிறகு அன்றாடம் போவது சில நூறு எம்.பி.தான்.


மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்) | ஜனவரி 21, இரவு 9.00

பென்னாகரத்தில் என் மாமா வீடு இருக்கிறது. ஃபைபர் இணைப்பும் சென்ற ஆண்டு வந்துவிட்டது. பொங்கலுக்குப் போனபோதே கேட்டிருக்கலாம். இந்த ஞாயிறு போய்க் கேட்கிறேன்.


ராயக்கோட்டை (கிருஷ்ணகிரி) | பிப்ரவரி 2, மாலை 5.45

அண்ணன்மார்களுக்கு வணக்கம். நான் பாலிடெக்னிக் மாணவன். வீட்டில் எல்லாக் கைபேசிகளிலும் விளம்பரங்களைத் தடுக்க பை-ஹோல் என்ற மென்பொருளை வைக்கலாம் என்று படித்தேன். ஆசிரியர் ஐயாவின் சர்வரிலேயே அதையும் சேர்க்க முடியுமா? அது வைத்தால் தனியுரிமை முழுமையாகக் கிடைத்துவிடுமா?


தொப்பூர்க் கணவாய் (தருமபுரி) | பிப்ரவரி 2, இரவு 11.20

தம்பி, பை-ஹோலை இரண்டாண்டாக வைத்திருக்கிறேன். நல்லதையும் அல்லதையும் சொல்கிறேன். ஒரு செயலியோ தளமோ வேறொரு தளத்தின் பெயரைச் சொல்லி முகவரி கேட்கும்போது, அந்தப் பெயர் தடுக்க வேண்டிய விளம்பர, கண்காணிப்புத் தளங்களின் பட்டியலில் இருந்தால் பை-ஹோல் வெற்று விடை அளித்துவிடும். ஸ்மார்ட் டி.வி. ஒன்று யாரும் பார்க்காத நடு இரவிலும் எத்தனை முறை தன் நிறுவனத்தைக் கூப்பிடுகிறது என்பதை அதில்தான் நான் முதன்முதலாகக் கண்டேன். யூடியூப் விளம்பரங்களை அது தடுக்காது. காணொளியும் விளம்பரமும் ஒரே பெயர்களிலிருந்து வருவதே காரணம். அதற்கு உலாவியில் யுபிளாக் ஆரிஜின் என்ற துணைநிரல் வேண்டும். இப்படிப் பெயருக்கு முகவரி சொல்லும் சேவைக்கு டி.என்.எஸ். என்று பெயர். கைபேசியில் தனிப்பட்ட டி.என்.எஸ். என்ற அமைப்பு வேறொரு சேவையைச் சுட்டியிருந்தால், பை-ஹோலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். இரண்டாவது டி.என்.எஸ். இடத்தில் வேறு எண்ணைப் போட்டு வைப்பதும் அதே விளைவைத் தரும். கருவிகள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும். ஆனால் பை-ஹோலை மட்டும் நம்பினால், அந்த இயந்திரம் நின்ற நாளில் வீட்டில் யாருக்கும் இணையம் வராது. அதனால்தான் நான் அதைப் பெரிய சர்வரில் வைக்காமல், சிறிய ராஸ்பெரி பை ஒன்றில் தனியே வைத்திருக்கிறேன்.

இன்னொன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. வீட்டில் யார் எந்தத் தளத்துக்கு எந்நேரம் போனார்கள் என்ற பட்டியல் முழுவதும் பை-ஹோலில் பதிவாகும். நான் அமைத்த முதல் வாரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரிக்குப் போகும் என் தங்கை ஒரு மருத்துவத் தளத்தை இரவு வெகுநேரம் படித்திருந்தது கண்ணில் பட்டது. அவள் என்னிடம் சொல்ல விரும்பாத ஒன்றை அவளுக்குத் தெரியாமலேயே நான் தெரிந்துகொண்டுவிட்டேன். எந்த விளம்பர நிறுவனம் அதைச் செய்தாலும் நாம் தவறு என்போம். மறுநாளே அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டு, பதிவுகளை அழித்து, அமைப்புகளில் இருக்கும் தனியுரிமை நிலையை உயர்த்திப் பெயர்கள் பதிவாகாதபடி செய்தேன். நீ வைப்பதாக இருந்தால் முதல் நாளே அதைச் செய். வீட்டில் எல்லோருக்கும் அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டும் செய்.


பர்கூர் ஜவுளி (பர்கூர்) | பிப்ரவரி 3, காலை 10.15

தொப்பூர் நண்பர் எழுதியதைப் படித்ததும் என் கடையின் நினைவு வந்தது. தீபாவளிச் சலுகைச் செய்தி அனுப்புவதற்காக வாடிக்கையாளர்களின் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டிலும் கணினியிலும் வைத்திருக்கிறோம். இதையும் ஆசிரியரைப் போல வீட்டுச் சர்வரில் வைத்துவிட்டால் சட்டச் சிக்கல் வராதா?


ஓசூர் வாசி (ஓசூர்) | பிப்ரவரி 3, இரவு 9.50

இரண்டும் ஒன்றல்ல. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பின் 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தனிநபர் தம் சொந்த, குடும்பத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே ஆசிரியரின் படங்கள் அதற்குள் வாரா. உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் கணினியில் இருக்கும் வரை சட்டத்துக்குள் வரும். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முதன்மையான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. எண்ணை வாங்கும்போதே எதற்காக வாங்குகிறீர்கள் என்று சொல்லி இசைவு பெறுவதையும், வேண்டாம் என்றவர்களின் எண்ணை நீக்குவதையும் இப்போதே தொடங்கிவிடலாம். இயந்திரம் எங்கே இருந்தாலும் பொறுப்பு உங்களுடையதே.


மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்) | ஏப்ரல் 28, இரவு 8.30

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரியில் எல்லாம் அமைத்தாயிற்று. என் ரூட்டரின் முகவரி 100.72 என்று தொடங்கியது, ஆகவே டெயில்ஸ்கேல்தான். மகள் விடுதியிலிருந்து படங்களைப் பார்க்கிறாள். பென்னாகரத்தில் மாமா வீட்டு அலமாரியில் இரண்டாம் நகல் இருக்கிறது. டிஸ்கை நானே பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் கோடை மழையோடு வந்த இடியில் ஃபைபர் பெட்டியின் அடாப்டரும் மடிக்கணினியில் நெட்வொர்க் கம்பி செருகும் லேன் போர்ட்டும் போயின. டிஸ்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபைபர் கம்பியில் மின்சாரம் பாயாது என்பதால் இடி தாக்காது என்று நினைத்திருந்தேன். அடாப்டர் வழியாக வரும் என்பதை யோசிக்கவில்லை. இப்போது வீட்டு எர்த் கம்பியைச் சரிசெய்து, மின்னல் தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுவது என்று வைத்திருக்கிறோம்.

இடிக்குப் பிறகுதான் மீட்டுப் பார்க்கும் சோதனையை இத்தனை நாள் தள்ளிப்போட்டது உறைத்தது. கோடை விடுமுறை தொடங்கியதும், பென்னாகரம் நகலிலிருந்து வேறொரு கணினியில் எல்லாவற்றையும் மீட்டோம். படங்கள் ஒன்றுகூடக் குறையாமல் வந்தன. ஆனால் ஆல்பங்கள் இல்லை. என் மனைவி நாள்கணக்கில் உட்கார்ந்து முகங்களுக்குக் கொடுத்த பெயர்கள் இல்லை. என் பாட்டியின் பழைய படங்களில் இருப்பவர்கள் யார் யார் என்று தாயார் சொல்லச் சொல்ல எழுதியவையும் இல்லை. மூலப் படங்கள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் நகலுக்குத் தேர்ந்தெடுத்திருந்தேன். அந்தப் பெயர்களும் ஆல்பங்களும் பதிவாகியிருக்கும் தரவுத்தளத்தை இம்மிச் தானே எடுத்து வைக்கும் ஃபோல்டர் அதற்குப் பக்கத்திலேயே இருந்தும் சேர்க்கவில்லை. உண்மையான சர்வர் உயிரோடு இருந்ததால் இழப்பு இல்லை. இடி டிஸ்கையும் தொட்டிருந்தால், 83 வயதுத் தாயாரை மறுபடியும் உட்காரவைத்துக் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

அதைச் சரிசெய்து இரண்டாம் முறை சோதித்தபோது நான் கையே வைக்கவில்லை. என் மனைவி, தாளில் எழுதி வைத்திருந்த வழிமுறையை மட்டும் பார்த்து, தன் கடவுச்சொல்லால் டிஸ்கைத் திறந்து, ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் மீட்டெடுத்தாள். நான் எழுதிய தாளில் இரண்டு வரிகள் அவளுக்கு விளங்கவில்லை. அவற்றை அடித்துவிட்டுத் தன் சொற்களில் எழுதியிருக்கிறாள். இந்த மாதத்தோடு கிளவுட் கட்டணத்தை நிறுத்துகிறோம்.

ஜெராக்ஸ் கடைக்காரரிடமும் பேசினேன். நாள்தோறும் கடை மூடும்போது அந்த ஃபோல்டரை அழிக்கும்படி சின்னதாக ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன், மகிழ்ச்சியோடு வைத்துக்கொண்டார்.

சகோதரியிடம் ஒரே ஒரு கேள்வி மீதி இருக்கிறது. அந்தத் தாளின் இரண்டாம் பிரதியைப் பென்னாகரத்தில் டிஸ்கோடு சேர்த்து வைக்கலாமா?


நல்லம்பள்ளி (தருமபுரி) | ஏப்ரல் 29, காலை 6.20

டிஸ்க் இருக்கும் வீட்டில் அதன் கடவுச்சொல் இருக்க வேண்டாம் ஐயா. நாங்கள் இப்போது வழிமுறைத் தாளை டிஸ்கின் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறோம். கடவுச்சொல் உறையை மட்டும் அரூரில் என் தாய்வீட்டு இரும்புப் பெட்டியில், நிலப் பத்திரங்களோடு வைத்திருக்கிறோம். உறையின் மேல் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை; தேதி மட்டும் இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றும்போதெல்லாம் பழைய உறையைக் கிழித்துவிட்டுப் புதியதை வைக்க நானேதான் போய் வருகிறேன். சென்ற விடுப்பில் என் கணவரும் உடன் வந்து, பெட்டிச் சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார்.